கடற்கரை இல்லாத தீவுகள்: கிள்ளான் கழிமுகத்துக்குப் போகுமுன்

கோலாலம்பூரிலிருந்து தீவுக்கு என்று கிளம்புகிறவர்கள் வடக்கே லங்காவிக்கோ கிழக்கே ரெடாங்குக்கோ போகிறார்கள். கொமுட்டர் மின்ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உட்கார்ந்தால் எட்டிவிடக்கூடிய தீவுக் கூட்டம் ஒன்று கிள்ளானுக்கு மேற்கே கிடக்கிறது. கேத்தாம், கிள்ளான், தெங்ஙா, சே மாட் சின், பிந்து கெடோங், செலாட் கெரிங், இண்டா, தெற்கே கேரித் தீவு. போய்வந்தவர்களில் பலர் முகம் சுளித்தபடி திரும்புவதற்குக் காரணம், அங்கே மணல் கிடையாது, குளிக்கக் கடல் கிடையாது. சேறும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரமும்தான். சேற்றைச் சேறாகவே பார்க்கத் தயாரானவருக்கு மட்டுமே இந்தத் தீவுகள் எதையாவது காட்டும். அவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது படகுச் சீட்டு கூட இல்லை, கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை.

கரைக்கு முன்னால் நின்று கடலை மறிக்கும் தீவு என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பக்கத்து உதாரணம் ஸ்ரீஹரிகோட்டா. வங்கக் கடலின் அலை மணலைத் தூக்கிவந்து நீளமாக அடுக்கியது. அதற்குப் பின்னால் பழவேற்காட்டு ஏரி அடங்கிக் கிடக்கிறது. கிள்ளான் தீவுகள் செய்வதும் அதே காவல் வேலைதான், ஆனால் பிறந்த விதம் வேறு. மலாக்கா நீரிணைக்கு எதிரே சுமத்ரா படுத்திருப்பதால் இந்தியப் பெருங்கடலின் பேரலை இங்கே வருவதில்லை. அலைக்குப் பதிலாக ஓதம்தான் எல்லாவற்றையும் செய்கிறது. அகலம் குறைந்துகொண்டே போகும் நீரிணைக்குள் நீர் நெருக்குண்டு ஏறுவதால், அமாவாசை பௌர்ணமி நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 4 மீட்டர் வித்தியாசம் வருகிறது. கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல், நீரோட்டம் நின்று திரும்பும் அந்தச் சில நிமிடங்களில் அடியில் படிகிறது. படிந்ததை வேர் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்த சேற்றுத் திட்டுகளை ஓதக் கால்வாய்கள் அறுத்து உருவாக்கிய துண்டுகள்தான் இன்று வரைபடத்தில் தீவுகள்.

காட்டுக்குள் எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதும் தற்செயல் இல்லை. ஜே. ஜி. வாட்சன் என்ற வன அதிகாரி 1928-இல் இந்தக் கிள்ளான் துறைமுக ஓதத்தை வைத்தே ஒரு வகைப்பாடு போட்டார். உலகம் முழுக்க அலையாத்திக் காடு நடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். கணக்கு எளியது: ஓர் இடத்தை மாதத்தில் எத்தனை தடவை ஏற்றம் நனைக்கிறது? மாதத்தில் ஏறக்குறைய 58 ஏற்றங்கள் உண்டு. அத்தனையும் நனைக்கும் தாழ்ந்த சேறு முதல் வகுப்பு. அங்கே மரம் என்று எதுவும் அநேகமாக நிற்பதில்லை. அதற்கு மேலே, மாதம் 45 முதல் 56 தடவை நனையும் இடத்தில் அப்பி அப்பி, பெரெப்பாட் என்ற மரங்கள் நிற்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் இவற்றுடையவை. 20 முதல் 45 வரை நனையும் மூன்றாம் வகுப்புதான் நமக்குத் தெரிந்த பாக்காவ் காடு, முட்டுக்கொடுத்த வேர்களோடு. 2 முதல் 20 வரை என்றால் நான்காம் வகுப்பு. மாதம் இரண்டு தடவைக்கும் குறைவாக, பேரேற்றத்தில் மட்டும் நனையும் பின்நிலம் ஐந்தாவது. நீப்பாப் பனையும் கடற்பெரணியும் இந்தப் பின்பக்கத்துக்காரர்கள். நீரே பிரவுன் நிறமாக இருக்கும் ஊரில் படகு ஜன்னல் வழியாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர், இந்த ஐந்து படிகளையும் தேடிப் பார்க்கலாம். கரையோரம் இலை வெளிறி, உள்ளே போகப்போகக் கறுத்து உயர்ந்துகொண்டே போகும்.

அட்டவணையைக் கடற்படையின் நீர்வரைவு மையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது, கைப்பேசியிலும் கிடைக்கும். 'போர்ட் கிள்ளான்' என்ற பெயரில் பார்க்க வேண்டும். அதுவும் கையில் இல்லையென்றால் பஞ்சாங்கம் போதும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் காலை மாலை 6, 7 மணி வாக்கிலும், வற்றம் நண்பகலை ஒட்டியும் வரும். அஷ்டமி நவமி வாக்கில் இது தலைகீழாகி மதியத்தில் நீர் நிறைந்து நிற்கும், ஏற்றத்தாழ்வும் குறைவு. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சேற்று உயிர்களைப் பார்க்க வேண்டுமா, பௌர்ணமிக்கு அடுத்த இரண்டு நாள்களில் போங்கள்: துள்ளும் சேற்று மீன், ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டு, கொக்கு, எல்லாம் மதிய வெயிலில் வெளியே இருக்கும். நீர் தளும்பும் வீடுகளைப் படமெடுக்க வேண்டுமா, அஷ்டமியை ஒட்டிப் போங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வற்றிய நேரத்தில் வீடுகளுக்கடியில் தெரியும் பிளாஸ்டிக் குப்பையை மட்டும் படமெடுத்து வலையில் ஏற்றுகிறவர்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை. சேற்றில் இறங்காதீர்கள். மேலே இறுகியது போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும், சில இடங்களில் தொடை வரை. உள்ளே சிப்பி ஓடுகளும் பழைய கழிகளும் கத்தி மாதிரி நிற்கும். கால் சிக்கிக்கொண்டால் மேல்நோக்கி இழுக்கக்கூடாது. இழுக்க இழுக்கப் பாதத்தின் கீழே வெற்றிடம் உண்டாகி உறிஞ்சும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, பாதத்தைப் பக்கவாட்டில் ஆட்டி நீர் உள்ளே புக விட்டால் கழன்று வரும். செருப்பை விட்டுவிடுங்கள்.

இந்தச் சேற்றுக் கால்வாய்களுக்குள்தான் சிலாங்கூரின் நவீன வரலாறு தொடங்குகிறது என்று சொல்லலாம். பெரிய கப்பல் நுழைய முடியாத, வற்றம் தெரியாதவன் மாட்டிக்கொள்ளும் கிளைகள். கடற்கொள்ளைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1873-இல் லங்காட் ஆற்று முகத்தருகே மலாக்காவைச் சேர்ந்த படகு ஒன்று தாக்கப்பட்டது. ஆங்கிலேயர் காத்திருந்த சாக்கு கிடைத்தது. 1874 தொடக்கத்தில் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்களோடு லங்காட்டுக்கு வந்து சுல்தான் அப்துல் சமாட்டைச் சந்தித்தார். அதே ஆண்டு ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற 24 வயது அதிகாரி சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல லங்காட்டில் உட்கார வைக்கப்பட்டார். அந்த ஆலோசனை ஆங்கிலேய ஆட்சியில் போய் முடிந்தது தெரிந்த கதை.

கோலாலம்பூரின் ஈயத்துக்கு வாசல் முதலில் கிள்ளான் ஆற்றங்கரைதான். 1886-இல் ரயில் புக்கிட் கூடா வரை வந்தது, 1890-இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் ஊருக்குள். ஆனால் ஆறு வளைந்தது, ஆழம் குறைந்தது. ஆற்று முகத்தில், தீவுகளின் மறைவில், அலைத்தடுப்புச் சுவர் கட்டாமலே கப்பல் அமைதியாக நிற்கக்கூடிய ஆழமான நீர் இருந்தது. பாதை அங்கே நீட்டப்பட்டு, 1901 செப்டம்பர் 15 அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. பெயர் மாறிக் கிள்ளான் துறைமுகம் ஆனது 1972-இல்.

திறந்த கையோடு மலேரியா அடித்தது. சில வாரங்களிலேயே ஊழியரும் கூலிகளும் கூட்டங்கூட்டமாகப் படுத்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடும் பேச்சு எழுந்தது. கிள்ளானுக்கு அந்த ஆண்டுதான் வந்திருந்த டாக்டர் மால்கம் வாட்சன் (மேலே சொன்ன வாட்சன் வேறு, இவர் வேறு) மருந்தோடு நிற்காமல் மண்ணைப் பார்த்தார். கடல் ஏறாமல் கரை எழுப்பு, தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி வெளியேற்று, பள்ளத்தை நிரப்பு, சுற்றியுள்ள காட்டை வெட்டு. ஓராண்டுக்குள் காய்ச்சல் சாவுகள் மளமளவென்று குறைந்தன. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் காட்டி அப்போது நான்கைந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. இதில் பின்னால் வந்தவர்கள் தடுமாறிய இடமும் ஒன்றுண்டு. ஓதம் தினமும் புகுந்து கழுவிவிடும் பாக்காவ் காட்டில் கொசு அவ்வளவாகப் பெருகாது. கரையை அரைகுறையாக எழுப்பி, மரத்தை வெட்டி, உப்பும் நன்னீரும் கலந்த குட்டைகளை வெயிலில் விட்டால்தான் பாசி படர்ந்து, உவர்நீர் அனாபிலிஸ் கொசு அதில் கொழிக்கும். ஆகவே கரை என்றால் முழுக் கரை, இல்லையென்றால் கடலை அதன் போக்கில் விட்டுவிடுவது. பாதி வேலை இரண்டையும் விட மோசம்.

நம்மவர்கள் வந்து இறங்கிய வழியும் இதுவே. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கில் ஒரு பகுதி இறங்க, மிச்சம் பேர் இந்தத் தீவுகளுக்கு நடுவே புகுந்து சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா என்ற கப்பலின் தடம் சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். மேல்தளப் பயணிகளுக்குச் சிலாங்கூரில் முதலில் தெரிந்திருக்கக்கூடியது கட்டடமோ மலையோ இல்லை, இரண்டு பக்கமும் தாழ்வாக ஓடும் இந்தப் பச்சைக் கோடுதான். பால்மரத் தோட்டங்களுக்கு ஆள் எடுப்பதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும் வரை அந்த வாசல் திறந்தே இருந்தது.

இனி போகிற வழி. கேத்தாமுக்குப் படகு ஏற, கொமுட்டரில் கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்க வேண்டும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் கிள்ளான் நிலையத்திலேயே இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. பயணிகள் ஜெட்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். படகு நீண்டு, ஒடுங்கி, குளிரூட்டி வைத்து அடைத்தது. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். சில படகுகள் முதலில் சுங்கை லீமா என்ற சிறிய மீனவக் குடியிருப்பில் நின்றுதான் கேத்தாமுக்குப் போகும். கூட்டம் எழுந்ததே என்று முதல் நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டாம். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கியதும் ஜெட்டியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வார நாளும் வார இறுதியும் ஒன்றாக இருக்காது. ஞாயிறு பிற்பகலில் வரிசை நீளும். கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தியதைக் குறி வைப்பது நல்லது.

கேத்தாம் முழுவதும் கால் மேல் நிற்கும் சீன மீனவர் ஊர். தியோச்சூக்காரர்களும் ஹொக்கியன்காரர்களும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து குடியேறினார்கள். பேரேற்றம் எந்த உயரத்துக்கு வருமோ அதற்கு மேலே தளம், கீழே கால். பழைய கால்கள் நீபோங் பனை, பாக்காவ். உப்பு நீரைத் தாங்குவதில் நீபோங்குக்கு ஈடில்லை, என்றாலும் நீரும் காற்றும் மாறிமாறிப் படும் இடுப்புப் பகுதி முதலில் அரிக்கும். இன்று பெரும்பாலும் சிமெண்டுக் கால்கள். கார் கிடையாது. சைக்கிள், மின்சைக்கிள் மட்டும். நடைபாதை இரண்டு சைக்கிள் விலகும் அகலம். பல இடங்களில் கைப்பிடி இல்லை, கீழே சேறு. மின்சைக்கிள் சத்தமில்லாமல் பின்னால் வரும், அதனால் குழந்தைகளை நடுவில் ஓட விடாதீர்கள். வாடகைச் சைக்கிள் எடுத்தால் பிரேக்கை அங்கேயே அழுத்திப் பாருங்கள், உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்திருக்கும்.

சாப்பாடு கடல் உணவு, சீனச் சமையல். சைவக்காரர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் கட்டுச்சோறு கொண்டுபோவதே நிம்மதி. கோயில்கள், காயும் கருவாடு, மிதக்கும் மீன் கூண்டுகள் என்று இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிடலாம். வானத்தில் செம்பருந்துகள் வட்டமிட்டபடியே இருக்கும். நம் பாட்டிமார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை, இங்கே மீன் குடலுக்குக் காத்திருக்கிறது.

இண்டாத் தீவு இன்று தீவாகத் தெரியாது. பழைய பெயர் லூமுட். பாலம் போட்டு, 1990களில் மேற்குத் துறைமுகம் எழுந்தபின் லாரிகளின் ஊர். கொள்கலப் பெட்டிகளைப் பார்க்க ஆசையிருந்தால் தவிர, அங்கே போக வேண்டிய அவசியமில்லை.

கேரித் தீவு வேறு ரகம். ஒரு நாளை இதற்கு மட்டும் ஒதுக்கலாம். தெலுக் பங்ளிமா காராங் வழியாகக் காரில் பாலம் தாண்டிப் போக வேண்டும். பேருந்தை நம்ப முடியாது. இ. வி. கேரி என்ற தோட்டத்துரை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெற்ற நிலம் இது. ரப்பரில் தொடங்கி, பின்னர் கண்ணுக்கெட்டிய வரை செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை. சாலையில் போகிறவருக்குத் தெரியாத சேதி: சாலையின் இரு பக்கத்துச் செம்பனையும் பேரேற்ற மட்டத்துக்குக் கீழே நிற்கிறது. சேற்றை வடித்துக் காயவிட்டால் அது சுருங்கி இறங்கும். வெளியே கடல் உயரம், உள்ளே தோட்டம் பள்ளம், நடுவே ஒரு மண் கரை. தோட்டத்தில் பண்டு என்பார்கள். அதை வெட்டிப் போட்டதும், ஆண்டுக்காண்டு மண் ஏற்றிக் காத்ததும் பெரும்பாலும் நம் ஆள்களின் மண்வெட்டி.

பண்டு போடுவதில் முறை உண்டு. கடல் பக்கம் ஒரு பட்டை பாக்காவ் காட்டை வெட்டாமல் விட வேண்டும், அலையை அது வாங்கிக்கொள்ளும். கரை எழும் இடத்தில் அடிக்கட்டையும் வேரும் துளியும் மிஞ்சாமல் பிடுங்க வேண்டும். மிஞ்சினால் உள்ளே மக்கிக் குழாய் மாதிரி ஓட்டையாகி, சில ஆண்டுகளில் அதன் வழியே கடல் வரும். மண்ணை உள்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், வெளிப்பக்கம் தோண்டினால் கரையின் காலையே தோண்டுவதாகும். ஒரே மூச்சில் குவிக்காமல் படலம் படலமாகப் போட்டு, இறுகியதும் மேலே ஏற்ற வேண்டும். வாய்க்கால் கரையைக் கடக்கும் இடத்தில் வாட்டர் கேட். மேலே கீல் வைத்துத் தொங்கும் கதவு. வற்றத்தில் உள்நீர் தள்ளித் திறக்கும், ஏற்றத்தில் கடலே அழுத்தி மூடும். ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு மட்டையோ கட்டையோ இடுக்கில் சிக்கினால் மட்டும் முடிந்தது கதை, ஓர் இரவில் உப்புநீர் வாய்க்கால் முழுக்க ஏறிவிடும். நண்டும் சேற்று இறாலும் கரையைக் குடைவது நிரந்தரத் தொல்லை. பேரேற்றமும் பெருமழையும் ஒரே நாளில் வந்தால் கதவு திறக்க வழியில்லாமல் தோட்டத்து நீர் தோட்டத்திலேயே நிற்கும்.

அதைவிடக் கஷ்டமான எதிரி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அலையாத்திச் சேற்றில் பைரைட் என்ற இரும்புக் கந்தகம் உண்டு. நீருக்கடியில் இருக்கும் வரை அது சாது. வாய்க்காலை ஆழமாக வெட்டி நீரை மிகையாக இறக்கினால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். மண்ணில் வைக்கோல் மஞ்சளாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், வாய்க்கால் தண்ணீர் சந்தேகப்படும்படி கண்ணாடியாகத் தெளியும், மட்டை பழுக்கும், குலை சிறுக்கும். நன்றாக வடித்தால் நன்றாக விளையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. நீர்மட்டத்தைத் தரையிலிருந்து 45 முதல் 60 செண்டிமீட்டர் ஆழத்தில் பிடித்து நிறுத்த வேண்டும், வாய்க்காலுக்குக் குறுக்கே அணை வைத்து. மழைக்காலத்தில் திறந்து அமிலத்தைக் கழுவிவிட்டு மறுபடி அடைக்க வேண்டும்.

தோட்டத்துக்கு வெகுமுன்பே இங்கே இருந்தவர்கள் மா மெரி மக்கள். ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பத்து மொழி பேசும் ஒராங் அஸ்லி, அதாவது பூர்வகுடிகள். சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்களுடைய பண்பாட்டு மையம் இருக்கிறது. முகமூடிக்கு இலேசான பூலாய் மரம், சிலைக்கு நீரே பாத்து என்ற சிவந்த, இறுகிய மரம். யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை பெற்ற செதுக்கல்கள் இவை. சங்கிலி பூட்டிய புலிச் சிலையில் அந்தச் சங்கிலி வளையங்கள் ஒட்டியவை இல்லை, ஒரே கட்டையிலிருந்து குடைந்தவை. வாங்குமுன் வளையத்தில் ஒட்டுத் தெரிகிறதா என்று திருப்பிப் பாருங்கள். விலை கூடுதலாகத் தோன்றினால் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீரே பாத்து காட்டின் மேட்டுப் பின்பக்கத்தில் வளர்வது. பண்டு போட்டுத் தோட்டமாக்க முதலில் வளைக்கப்பட்டதும் அந்தப் பின்நிலம்தான், அதனால் முற்றிய கட்டை கிடைப்பதே அரிதாகிவிட்டது. வாங்கிய சிலையைக் குளிரூட்டியின் நேர்க்காற்றிலோ வெயிலிலோ வைக்காதீர்கள், ஒருபக்கம் மட்டும் விரைந்து காய்ந்து விரிசல் விடும்.

கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் என்ற பேச்சு பல ஆண்டுகளாக வருவதும் அடங்குவதுமாக இருக்கிறது. வந்தால் முதலில் மாறப்போவது சேறு எங்கே படியும், எங்கே அரிக்கும் என்ற கணக்கு. அந்தச் சேற்றுவெளியிலேயே மா மெரியினரின் பூஜா பந்தாய் என்ற கடற்கரை வழிபாடு நடக்கிறது. கம்போங் ஜூடா கரையில், கடல் பின்வாங்கியதும் வெறுங்காலோடு சேற்றில் நடந்து போய், மூதாதையர்க்கு அமைத்த மேடையில் படையல் வைத்து, முகமூடியோடு ஆடுவார்கள். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு வாக்கில் வரும். தேதியை ஊர்ப் பெரியவர்கள் ஆண்டுதோறும் முடிவு செய்கிறார்கள், ஆகவே பண்பாட்டு மையத்தில் விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும். முற்பகலிலேயே போய்ச் சேருங்கள். ஏற்றம் திரும்பினால் சடங்கு யாருக்காகவும் காத்திருக்காது. வெளியாள்களுக்குத் தடையில்லை. படமெடுக்குமுன் கேளுங்கள், முகமூடியைத் தொடாதீர்கள், நெற்றியில் அரிசிமாவுக் குழம்பு பூச வந்தால் தலையைக் குனியுங்கள். கால் கழுவ இரண்டு போத்தல் தண்ணீரும் பழைய துண்டும் காரில் இருக்கட்டும்.